உங்கள் காரில் பத்துத் துளை

மச்சான்,

உங்கள் காந்தத்தை இன்று கைப்பையிலிருந்து எடுத்தேன். அதைச் சுற்றியிருக்கும் கைக்குட்டை முழுக்க இரும்புச் சீவல். சூடான இரும்பின் வாடை இன்னும் போகவில்லை. நீங்கள் டிங்கரிங் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வீசுகிற அதே வாடை. ஆனால் இந்தச் சீவல் கடைக்கு வந்த எவனோ ஒருவனின் வண்டியில் இருந்து வந்ததில்லை. உங்கள் பச்சைக் காரிலிருந்து வந்தது. போன வெள்ளிக்கிழமை, கடை லீவு நாளில், அதன் மேல் டிரில் போட்டேன். பத்துத் துளை. மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாராவியில் அந்தக் காந்தம் தெரியாத கார் தரகர் கிடையாது. கைக்குட்டையில் சுற்றி, வண்டியின் மேல் தேய்த்துக்கொண்டே போவீர்கள். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும். ஒடுக்கு விழுந்த இடத்தில் பட்டி அப்பி மேலே பெயின்ட் அடித்திருந்தால் வழுக்கும். மாட்டுங்காவில் ஒரு பார்சிப் பெரியவரிடம் கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விட இந்தப் பழைய பச்சை அமெரிக்கக் காரைப் பார்க்கப் போன அன்று என்னையும் கூட்டிப் போனீர்கள். பானட்டில் தொடங்கிப் பின்னால் மீன்வால் போல நிற்கும் இரண்டு முனை வரைக்கும் தேய்த்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "ஏளா, பூராவும் இரும்புளா. நாம ரெண்டு பேரும் மௌத்தானாலும் இது நிக்கும்." அதில் பாதி பலித்துவிட்டது.

பிறகு உங்கள் தம்பி ஒரு புது அமெரிக்கக் கார் வாங்கினார். வாங்கிய அன்றே அதன் கதவைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினீர்கள், தகடு உள்ளே போய்த் திரும்பி வந்தது. பம்பரைத் தட்டினால் பிளாஸ்டிக் வாளிச் சத்தம். உங்கள் காரின் கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்திய மாதிரி இருக்கும். அவர் காரில் கதவு சாத்தியதா இல்லையா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் உண்மை. நான் என்றைக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

செம்பூர்ப் பக்கம் அந்தப் புது வண்டி முன்னால் நின்ற டேங்கரில் போய் இடித்தபோது உள்ளே உங்கள் தம்பியும் நானும் நம் மகளும் இருந்தோம். முன்பக்கம் மொத்தமும் சுருங்கி மடங்கியது. ஸ்டீயரிங்கிலிருந்து பை ஊதிக்கொண்டு வெளியே வந்து அவரைத் தாங்கியது. பெல்ட் அழுத்திய இடத்தில் என் தோள் கன்றிப் போனது. அவ்வளவுதான். மூன்று பேரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். தகவல் கேட்டு ஓடி வந்த நீங்கள் எங்களை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு பானட்டைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"அப்பளம். என் வண்டியா இருந்தா அந்த டேங்கர்தான் நசுங்கிருக்கும்."

"வண்டிதான் மச்சான் நசுங்குச்சு. நாங்க நசுங்கலல்லா?"

"ஒனக்கு என்னளா தெரியும்?"

அன்று தொடங்கியது நம் சண்டை. உங்கள் காருக்கும் பெல்ட் மாட்டச் சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பேன். "தகட்டுல ஒரு ஓட்ட விழுந்தாலும் ஒரிஜினல் போயிரும். ஷூட்டிங்காரன் திரும்பிப் பாக்க மாட்டான். நான் இருக்கிற வரைக்கும் ஒருத்தனும் அதுகிட்ட டிரில்ல கொண்டாரக் கூடாது." நான் இருக்கிற வரைக்கும் என்றுதான் சொன்னீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காட்கோபரில் கல்யாணப் பெண்ணை மண்டபத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். வேகம்கூட இல்லையாம். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது, இடித்துவிட்டீர்கள். காருக்குப் பம்பரில் ஒரு கீறல். ஸ்டீயரிங்கின் இரும்புத் தண்டு கொஞ்சமும் மடங்காமல் உங்கள் நெஞ்சில் ஏறியது. அந்த இடியில் கார் தன் பங்குக்கு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் உங்களிடம் தந்துவிட்டு நின்றது.

நீங்கள் மௌத்தான பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தேன். அந்நிய ஆண்களின் முகம் பார்க்காமல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாலும் காது கேட்கத்தானே செய்யும். துக்கம் கேட்க வந்தவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டே பேசுவார்கள். "வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே. அந்தக் காலத்து அமெரிக்கா வண்டின்னா வண்டிதான்." உங்கள் தம்பியும் ஆமாம் போடுவார். உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து காரைப் புகழ்ந்தார்கள், மச்சான். எழுந்து போய்த் திரையைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது.

இத்தா முடிந்ததும் காந்தத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கார் நிற்கும் நம் கடைக்குத்தான் போனேன். உங்களைப் போலவே முன்னாலிருந்து பின்னால் வரை தேய்த்தேன். எங்கேயும் வழுக்கவில்லை. ஒரு இடத்திலாவது வழுக்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

இனி கல்யாணச் சவாரிக்குத் தானே ஓட்டுவதாக நம் மகள் பிடிவாதமாக நின்றாள். உங்களிடம் பழகிய கை, நன்றாகத்தான் ஓட்டுகிறாள். வண்டிக்குப் பெல்ட் மாட்டிய பிறகு ஓட்டு என்றேன். உங்கள் தம்பி குறுக்கே வந்தார்.

"அண்ணன் பேச்ச மீறலாமா மைனி? ஓட்ட போட்டா பாதி வெலைக்குக்கூட போவாது."

"போவாண்டாம். எம் பிள்ள உசுரோட வீட்டுக்கு வந்தாப் போதும்."

"ஜானே தோ சாச்சா, விடுங்க, ஓட்டதானே," என்றாள் உங்கள் மகள்.

கடை மிஸ்திரி டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "பாபிஜி, உஸ்தாத் இருந்தா என் கைய ஒடச்சிருப்பாரு." சரி, கொடுங்கள் என்று நானே வாங்கிக்கொண்டேன். முதல் துளைக்கே இரண்டு பிட் ஒடிந்தது. அந்த இரும்பைப் பற்றி நீங்கள் சொன்னதில் பொய்யே இல்லை. மூன்றாவது பிட் இறங்கியது. பத்துத் துளையும் போட்டு, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று நான்கு பேருக்கும் புது பெல்ட் மாட்டியாயிற்று. அதோடு நிற்கவில்லை. குர்லாவில் பழைய வண்டி பிரிக்கிற இடத்தில் தேடி, இடித்தால் மடங்கிக்கொள்ளும் ஸ்டீயரிங் தண்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னேன். உங்கள் தம்பி வைத்திருந்த அதே மாடலின் தண்டு. அந்த அப்பளத்தின் தண்டுதான் இப்போது உங்கள் காருக்குள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரி. நானும் முன்னால் உட்கார்ந்து போனேன். பெல்ட் போட்டால் மாலை நசுங்கும், போட்டோ நன்றாக வராது என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார். நம் மகள் சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "மால நசுங்கட்டும் மாமா. பெல்ட் போட்டாத்தான் காடி நவுரும்." குரல் உங்களுடையது, பேச்சு என்னுடையது. மணமக்கள் மாலையை ஒதுக்கிவிட்டுப் பெல்ட் போட்டுக்கொண்டார்கள்.

காந்தம் என்னிடமே இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சீவலைத் தட்டப் போவதில்லை. இதெல்லாம் தெரிந்தால் உங்களுக்குக் கோபம் வரும், ஒரு வாரம் என்னோடு பேச மாட்டீர்கள். பேசாமல் இருங்கள் மச்சான். இப்படி என்மேல் கோபப்பட்டுக்கொண்டு நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் அத்தனை வருஷம் சண்டை போட்டேன்.