மலை ஏறிய புளி

அன்பு மகள் ஷோபனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, இரண்டு ஆடு, போன தடவை உன்னைத் துரத்தித் துரத்திக் கொத்திய அந்தச் சேவல், எல்லாரும் சுகமாக இருக்கிறோம். புனேயில் நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தப் பொட்டலத்து நூடுல்சைத்தான் இன்னமும் சாப்பாடு என்று நம்பிக்கொண்டிருக்கிறாயா என்று தெரிவிக்கவும். போன் இருக்கும்போது இது என்ன புதுசாகக் கடுதாசி என்று கேட்பாய். போன் என்றால் நான் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும், பேச்சில் பாதியைக் காற்று கொண்டுபோகும், மீதியை "மீட்டிங் இருக்குப்பா" என்று நீ கொண்டுபோவாய். கடுதாசியை நடுவில் வெட்ட முடியாது பார். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆடு நடந்த தடம் மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா இப்போதே எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நீ கொஞ்சம் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

ஊர்ச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. சாமை எப்போதோ அறுத்து முடித்தாயிற்று, இப்போது புளி உலுக்குகிறோம், இந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டு வடிவேலு மாமா எருது விடும் விழாவுக்குத் தன் எருதைக் கூட்டிப் போனார், அது வாசலைத் தாண்டியதும் ஓடாமல் நின்று திரும்பி, வந்திருந்த கூட்டத்தை நிதானமாக வேடிக்கை பார்த்துவிட்டு நடந்தே போய்ச் சேர்ந்தது. அதற்குக் கூச்ச சுபாவம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. போன வாரம் அவள் ஆட்டைக் கூப்பிடப் போய் வாய் தவறி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள், அந்த ஆடும் சட்டென்று ஓடி வந்தது. அன்றிலிருந்து அதற்கு அந்தப் பெயர்தான். உன்னைவிடச் சொன்ன பேச்சு கேட்கிறது, கூப்பிட்டால் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் போனில் நீ சொன்னாய் அல்லவா, இனிமேல் எந்த ஊரில் உட்கார்ந்தும் வேலை பார்க்கலாம், ஆனால் மெஷின் உங்கள் சொந்த மெஷினாக இருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்று சின்னது, மெலிசு, பைக்குள் போட்டால் இருப்பதே தெரியாது, இன்னொன்று பெரியது, பலமானது என்று. "சின்னது வாங்குனா நம்ம வூட்டுக்கே வந்து மாசக்கணக்கா உக்காந்து வேலை பாக்கலாம்ப்பா, பெருசு வாங்குனா அது மேசையை வுட்டு நகராது, நீயே சொல்லு எதை வாங்கட்டும்" என்று சிரித்தாய். விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பாய், என்னிடம் போய் யாராவது லேப்டாப்புக்கு யோசனை கேட்பார்களா. ஆனால் கேட்டது கேட்டதுதான். அதற்குப் பிறகு எனக்கு வேலையில் கை ஓடவில்லை. ஜன்னலோரம் கிடந்த சாமை மூட்டையை நகர்த்திவிட்டு, பலா மரப் பலகை ஒன்று சும்மா கிடந்ததே, அதற்கு நாலு கால் அடித்து மேசை போட்டுவிட்டேன். பிளக்கும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறது. உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மெஷினும் இல்ல, பொண்ணும் இல்ல, மேசை மட்டும் யாருக்குய்யா? எனக்கா? நான் இன்னா கலெக்டரா?" என்றாள். அப்படிச் சொன்னவள்தான் அதில் ஒரு மிளகாய் காயப்போடக்கூட என்னை விடமாட்டேன் என்கிறாள், தினம் துடைக்கிறாள்.

அப்புறம் நானும் உன் அம்மாவும் மண்டியில் புளி போடத் திருப்பத்தூர் போனோம். மூட்டையை இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் கடை வைத்திருக்கிற தானிஷ் பாயிடம் போனோம். வாணியம்பாடிக்காரத் தம்பி, உன் வயசுதான் இருக்கும். எங்கள் இரண்டு பேர் மேலும் புளி வாசம் தூக்குகிறது, அதைப் பார்க்காமல் நாற்காலி போட்டு உட்கார வைத்தது. நீ அனுப்பிய இரண்டு போட்டோவையும் காட்டினேன், "இன்னா வேலைக்குண்ணா?" என்று கேட்டது. நான் ஒரு கணக்கோடுதான் போயிருந்தேன். அந்தத் தம்பி வாயால் சின்னதே போதும் என்று சொல்ல வைத்து, அதை அப்படியே உனக்கு எழுதிப் போட்டுவிட வேண்டும். அதனால் ரொம்பச் சாதாரணமாக முகத்தை வைத்துக்கொண்டு, "பெருசா ஒண்ணும் இல்ல பாய், ஓடை மேல சின்னச் சின்னப் பாலம் இருக்குமே, அந்த மாதிரி எம் பொண்ணு வரையும்" என்றேன். "அவ்ளோதானா? அப்ப சின்னதே தாராளமா போதும்ண்ணா" என்று சொல்லி வாயை மூடவில்லை, உன் அம்மாவுக்கு வந்ததே ஆவேசம். "யோவ், இன்னாய்யா ஓடைப் பாலம்? தம்பி, எம் பொண்ணு வரையறது கடல் மேல போற பாலம்! அதுல ஒவ்வொரு போல்ட்டும் தனியாத் தெரியும், அப்பிடியே திருப்பித் திருப்பிக் காட்டும், நான் கண்ணால பாத்திருக்கேன்" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, நீ அனுப்பிய வீடியோவையும் போனில் தேடிப் போட்டுக் காட்டிவிட்டாள். நான் முழங்கையால் இடித்தேன். அவள் அதைவிடப் பலமாகத் திருப்பி இடித்தாள்.

அந்தத் தம்பி வீடியோவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. சின்னது நல்ல மெஷின்தான், வேலை செய்யாது என்று இல்லையாம். ஆனால் இவ்வளவு கனமான படத்தை நாள் முழுக்க ஓட்டினால் சூடேறுமாம், சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம், உச்சி வெயிலில் ஏர் பூட்டினால் எருது செய்கிற அதே வேலை. நான் விடுவேனா, "நம்ம மலை குளிருமே பாய், மார்கழில தண்ணி தொட்டா கை வெறைக்கும், அங்க எப்பிடி சூடாவும்?" என்று கேட்டேன். "குளிரு உதவும்ண்ணா, ஆனா மெலிசு மெஷின்ல காத்து போயி வர்றதுக்கு எடம் கம்மி, உங்க குளிரு வாசல்லயே நின்னுடும்" என்று சிரித்தது. சின்னதில் மெமரியை உள்ளேயே ஒட்டிவிடுகிறார்களாம், வேலை பெருகினால் பின்னால் கூட்ட முடியாது, பெரியதில் மூடியைக் கழற்றிக் கூட்டிக்கொள்ளலாம் என்றது. நீ பாலம் வரைகிற அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களே இன்ன இன்ன மெஷினில் ஒழுங்காக ஓடும் என்று சோதித்துச் சொல்லியிருப்பார்களாம், அதில் நீ பார்த்த மாடல் இருக்கிறதா என்று தேடிவிட்டு அப்புறம் வாங்கச் சொன்னது, மறக்காதே. கடைசியில் எழுந்து நின்றபடி, "தொழிலுக்குன்னா பெருசுதாண்ணா. எங்க அக்கா கேட்டிருந்தாலும் இதான் சொல்லியிருப்பேன்" என்றது.

பஸ்சில் திரும்பினோம். பாதி மலை ஏறின பிறகு உன் அம்மா மெல்ல, "நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கணுமாய்யா?" என்று கேட்டாள். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் நீ கண் விழித்துக் கட்டிய கடல் பாலத்தை நான் ஒரு வார்த்தையில் ஓடைப் பாலமாக்கி விட்டேனே, அதை அவளால் பொறுக்க முடியவில்லை, அது தப்பா. "நீ சொன்னதுதான் நெசம்" என்றேன். அப்புறம் அவள் ஊர் வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம். கண்ணாடி மூடித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அந்த மேசை என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பெரியது மேசையை விட்டு நகராது என்று நீ சொன்னாய் சரி, யார் நகர்த்திப் பார்த்தது? நம் ஊரில் சுமையைக் கிலோவிலா பார்க்கிறோம், பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏறி வருகிற வழியில் எங்கே இறக்கி வைத்தோம் என்றுதானே பார்க்கிறோம். புங்கமரத்து வளைவிலேயே இறக்கினால் கனம், பாறை வரை வந்தால் பரவாயில்லை, இறக்காமல் வாசல் வரை வந்துவிட்டால் அது சுமையே இல்லை. கடையில் அந்தப் பெரிய மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தேன், வருஷா வருஷம் புளி தூக்கி எடை பார்க்கிற கை, எடை மறக்காது. அந்த எடைக்குப் புளியைக் கட்டி, உன் பழைய காலேஜ் பையில் போட்டுக் கீழே பஸ் நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திரும்பி ஏறினேன். புளிக் காலத்தில் ஊரே புளியைக் கீழே இறக்குகிறது, நான் ஒருத்தன் மேலே ஏற்றுகிறேன். வடிவேலு பார்த்துவிட்டார். "இன்னா மச்சான், திருப்பத்தூர்ல வெல போவலைன்னு திருப்பித் தூக்கிக்கினு வர்றியா?" என்றார். "இது புளி இல்ல மச்சான், லேப்டாப்பு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏமே, இந்தாளுக்கு வெயிலு தலைக்கு ஏறிப்போச்சு, மோரு கொண்டா" என்று கத்தினார். மோரைக் குடித்துவிட்டு, பையை இறக்காமலே வாசலுக்கு வந்து சேர்ந்தேன். பெருமையாக அம்மாவிடம் சொன்னால், "சார்ஜரு எங்க? அந்தத் தம்பி செங்கல்லு கணக்கா ஒண்ணு காட்டுச்சே, அதை யாரு தூக்குவா, சேவலா?" என்கிறாள். அவள் சொன்னது நியாயம். மறுபடி கீழே இறங்கினேன், ஒரு செங்கல்லையும் பையில் சேர்த்து மறுபடி ஏறினேன். இந்தத் தடவை வடிவேலு மோர்ச் சொம்போடு தயாராக நின்றார். வளைவிலும் இறக்கவில்லை, பாறையிலும் இறக்கவில்லை. முதுகு கொஞ்சம் முனகியது, ஆனால் அது வயசு முனகுவது, எடை அல்ல. பையை அப்படியே அந்த மேசை மேல் வைத்தோம். அளவாக உட்கார்ந்தது. நானும் உன் அம்மாவும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எதிரில் போட்டு வைத்த நாற்காலிதான் காலியாக இருந்தது.

அதனால் அம்மாடி, நீ பெரியதையே வாங்கு. எங்களுக்காகச் சின்னதை வாங்கிவிட்டு, உன் பாலம் பாதியில் நின்றுகொண்டிருக்க, மெஷின் ஆறட்டும் ஆறட்டும் என்று நீ காத்துக்கொண்டிருக்காதே. மெமரி பார்த்துப் போடு, வாரண்டி எத்தனை வருஷம் என்று கேள், பில் வாங்கிப் பத்திரமாக வை. வடிவேலு மாமா வீடு வரை கேபிள்காரர் நெட் இழுத்துவிட்டார், நமக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். கரண்டு போனால் மாமா வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மோரும் இருக்கிறது. நீ கடல் மேல் பாலம் போடுகிறவள், நம் ஓடையில் இன்னும் மரக்கட்டைதான் கிடக்கிறது, அதையும் வந்து ஒரு கண் பார்த்தால் புண்ணியம். உன் அம்மா இப்போதிருந்தே பலா மரத்தைப் பார்த்து, இந்தச் சுளையெல்லாம் உனக்கு என்று உன் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்த ஆடு ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து ஏமாந்து போகிறது.

நம் மலைச் சாமி உன் கையையும் கண்ணையும் குறைவில்லாமல் காக்கட்டும், நீ போடுகிற பாலமெல்லாம் நூறு வருஷம் நிற்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, அந்த நூடுல்சை விடு. ஒன்றை மட்டும் நினைவில் வை. நகராது என்று சொன்னாயே, அது நகரும், இரண்டு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டேன். பஸ்சை விட்டு இறங்குவது மட்டும்தான் உன் வேலை. பையில் நீ கை வைக்காதே, கீழே நான் நிற்பேன்.

இப்படிக்கு,
புளியை மலை ஏற்றிய ஆள் என்று ஊர் சிரிக்கிற உன் அப்பா,
கோபால்சாமி