இருபதாவது கையெழுத்து

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். தியேட்டர் ஏ.சி. மறுபடி மக்கர். இரண்டு ஹெர்னியா, முதுகில் ஒரு கட்டி. எல்லாம் பழைய பாணி, கத்தி வைத்து.

பயிற்சி லாக் புக்கில், கேஸுக்கு ஒன்றாக, பத்தொன்பது கையெழுத்து. இருபதாவதைக் கேட்டால் "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்கிறார் வி.கே. சென்னையிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து எனக்கு லேப்ராஸ்கோப்பி கற்றுத்தரும் மகான். என்னைவிட ஆறு வயது சின்னவர். அம்மாவாம் நான்.

இருபதும் நிறைந்தால் வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனை நானே தனியாகச் செய்யலாம். அதுவரை, அவர் கார் வந்து சேரும்வரை நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். இல்லை, பழையபடி நான் கிழிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டால் அவருக்கு இங்கே வேலை இல்லை. அதனால்தான் இழுக்கிறார். வேறென்ன?

வாங்க வேண்டியவை: செருப்பு, பேட்டரி, இஞ்சி.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். ரவுண்ட்ஸ். இருபதாவது கேஸ் தென்னேரி அம்மாள் எழுந்து நடக்கிறார். முட்டிவலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கிக் குடலில் ஓட்டை விழுந்து வெள்ளிக்கிழமை வந்தவர். நான்தான் தைத்தேன். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மேல ஒண்ணுமே கிழிக்கலியே டாக்டர்மா. நெசமா பண்ணீங்களா?"

என்னைவிடச் சந்தேகப்பிராணி. பிடித்துப்போயிற்று.

மதியம் ஸ்டெல்லா சிஸ்டர் கையுறை எண்ணிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கி நீங்க கை கழுவப் போனீங்க இல்ல, அப்ப வி.கே. சார் அந்தம்மா வயித்துக்குள்ள கேமரா எடுத்த உங்க வீடியோவ பென் டிரைவ்ல ஏத்திக்கினு இருந்தாரு. எதுக்குன்னேன். கிளாஸ்ல காட்டணும்னாரு."

ஞாயிற்றுக்கிழமை, டாக்டர்கள் பதிவைப் புதுப்பிக்கப் பாயிண்ட் தரும் சி.எம்.இ. வகுப்பு. பேசுவது அவர்தான். முன்னால் உட்காரப்போவது இந்த ஊர் டாக்டர்கள் அத்தனை பேரும்.

புரிந்துவிட்டது. எப்படித் தைக்கக்கூடாது என்பதற்கு நான் உதாரணம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. ஒரே காற்று. காந்தி ரோடு முழுக்கத் தள்ளுபடி பேனர் படபடக்கிறது.

கோயிலில் விபூதிக்கு மறந்துபோய் இடது கையை நீட்டிவிட்டேன். குருக்கள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு காத்திருந்தார். படிக்கும்போது பேராசிரியர் மணிக்கட்டில் அடித்துப் பார்த்தார். "பீச்சாங்கைல ஊசி புடிச்சா பேஷண்ட் எழுந்து ஓடிடுவான்மா." கை மாறவில்லை. ஸ்டெல்லா மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் முதல் நாளிலிருந்தே கருவித் தட்டை எனக்காக இடம் மாற்றி அடுக்குகிறார்.

என் பிரதியைப் போட்டு வீடியோ பார்த்தேன். நான்கு முறை. மூன்றாவது தையலில் ஊசி சரியாக இறங்கவில்லை, எடுத்து மறுபடி குத்தியிருக்கிறேன். அங்கேதான் வி.கே. நிறுத்திக் காட்டுவார். ஒன்றரை வருடமாகப் பக்கத்தில் போனோடு நிற்கிறார். "ம்", "கேரி ஆன்". அவ்வளவுதான் பேச்சு. ஓரக்கண்ணால் குறை பொறுக்குகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்.

ஜூலை 19, சனி

போகலாமா வேண்டாமா. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். ஆனால் போகாவிட்டால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். போனால் முகத்துக்கு நேரே. நேரே சிரிக்கட்டும்.

பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். ஹோட்டல் ஹாலில் எலும்பு வரை குளிர். வருகைப் பதிவில் கையெழுத்து, ஒரு பை, ஒரு பேனா. பாதிப் பேர் பாயிண்ட் கிடைத்ததும் கிளம்புகிற ரகம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

வி.கே. மைக்கைப் பிடித்தார். திரையில் தென்னேரி அம்மாளின் குடல்.

"போன வாரம் நான் பண்ண கேஸ்," என்றார்.

நான்!

மூன்றாவது தையலை வெட்டி எடுத்திருந்தார். மற்றபடி முழுசும் என் கை. ஹாலே பார்க்கிறது. "நீட்டா இருக்கே" என்று யாரோ. சந்தோஷப்படுவதா, எழுந்து போய் அறைவதா?

கேள்வி நேரம். கை தூக்கினேன். இடது கை.

"டாக்டர், ஊசி புடிச்ச கருவி ஸ்கிரீன்ல எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

அவருக்குப் புரியவில்லை. "லெஃப்ட்லேர்ந்து. ஏன்மா?"

முன்வரிசையில் வழுக்கைத்தலை ஒன்று திரும்பியது. வி.கே.வுக்குப் பாடம் எடுத்த ரிட்டயர்டு பேராசிரியர். "அட ஆமா. தம்பி, நீ என்கிட்ட படிக்கறப்ப சோத்தாங்கைதானே? எப்பய்யா மாறுன?"

ஹாலில் சிரிப்பு. வி.கே. திரையைப் பார்த்தார். பிறகு இன்னும் தூக்கியபடியே இருந்த என் கையைப் பார்த்தார். அந்த முகத்தில் திருட்டு முழி மட்டும் இல்லை, ஆச்சரியமும் இருந்தது. நான் இடதுகைக்காரி என்று இன்றுதான் தெரிகிறது அந்த மனுஷனுக்கு. இருபது ஆபரேஷன் பக்கத்தில் நின்றவருக்கு.

டீ நேரத்தில் அவராகவே வந்தார். "லாக் புக் இருக்குங்களா மேடம்?" அம்மா போய் மேடம். இருபதாவது கையெழுத்தைப் போட்டார், பக்கத்தைக்கூடப் படிக்காமல்.

குறை பொறுக்குகிறார் என்றல்லவா பயந்து செத்தேன். வெட்ட வேண்டியதை வீடியோவில்தான் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்றபோது பார்க்கவே இல்லை. ஒன்றுகூட.

ஜூலை 21, திங்கள்

மேகமூட்டம். தென்னேரி அம்மாள் டிஸ்சார்ஜ். நாளை ஒரு பித்தப்பை, லேப்ராஸ்கோப்பி. பட்டியலில் என் பெயர் மட்டும். மேற்பார்வை என்ற கட்டம் காலி.

லாக் புக்கை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. இருபது கையெழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஒரே பேனா வேகம்.

ஸ்டெல்லா நாளைக்கான கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "சைன் ஆச்சாமே, சந்தோஷம் டாக்டர்மா."

"சிஸ்டர், உண்மையச் சொல்லுங்க. நான் எப்படிப் பண்றேன்?"

தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "நல்லாத்தான் பண்றீங்க. அன்னிக்கி மூணாவது தையலுக்கு மட்டும் அவசரப்பட்டுட்டீங்க. ஊசிய வாட்டமா புடிக்காமயே குத்துனீங்க. முன்னாடியும் ரெண்டு கேஸ்ல அப்படித்தான். சொல்லலாமான்னு பாத்துக்கினே இருந்தேன்."

"எந்த ரெண்டு கேஸ்?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.