வால்வு கெட்டுப்போச்சாம்

நேற்று மத்தியானம் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து என் ரிப்பேர்க் கடை மேஜைமேல் வைத்தார். வால்வு என்கிற கண்ணாடிக் குழல் போட்ட செட். இப்போது யாரும் அதைத் தொடுவதில்லை, எல்லாம் டிரான்சிஸ்டர் ஆகிவிட்டது. மேல்மூடியைக் கழற்றி மின்சாரம் கொடுத்தேன். அரை நிமிஷத்தில் கண்ணாடிக்குள் கம்பி சிவந்து, மேலே படிந்திருந்த தூசி கருகி, அந்த வாசனை எழுந்தது. சூடான தகரமும் தூசியும் கலந்த வாசனை. "வருது, வருது, பாட்டு வாசம் வருது" என்பாய் நீ, நாம் சேர்ந்து படித்த நாளில். அந்த வாசனை வந்துவிட்டால் அடுத்த நிமிஷம் நாம் பாடப்போகிறோம் என்று உன் கணக்கு.

"வால்வு போயிருச்சாண்ணே?" என்று சர்வீஸ்காரர் கேட்டார். சுவிட்சை அணைத்துவிட்டு, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டபிறகு எனக்கு வேலை ஓடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. உனக்கு அது தெரியும்.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். கல்லூரி விழாவில் ஒரு கோஷ்டி சினிமாப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்தவன் பாட்டுக்கு நாம எதுக்குடா வாயசைக்கணும்? நமக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?" என்றாய். மறுநாளே ஆள் பிடித்துவிட்டாய். பசுமலை டேவிட், கோயில் பாடகர் குழுவில் ஹார்மோனியம் வாசித்தவன். மெக்கானிக்கல் பாண்டி, உன் ஊருக்குப் பக்கத்து ஊர், டோலக்கு அடிப்பான். பிறகு நான். எனக்குக் குரலும் கிடையாது, தாளமும் கிடையாது. கையில் ஒரு சால்டரிங் அயர்ன் மட்டும் இருந்தது. "நீ சத்தத்தப் பாத்துக்க மாப்ள" என்றாய். லேபில் கிடந்த பழைய சாமான்களைப் பொறுக்கி ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தேன். அது பாடியதைவிட உறுமியது அதிகம்.

வொர்க் ஷாப்புக்குப் பின்னால் இருந்த சைக்கிள் ஷெட்தான் நமக்கு இடம். நீ போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: தினம் ஆளுக்கொரு வரி கொண்டுவர வேண்டும். சத்தம் பார்க்கிறவனுக்கும் விலக்கு இல்லை. நான் முதல் நாள் கொண்டுவந்தது, "மின்சாரம் போல வந்தாய், மின்னலாய் மறைந்தாய்." பாண்டி டோலக்கைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு ஷாக் அடிச்சுருச்சாடா?" என்று கேட்டான். டேவிட் ஹார்மோனியத்தின் மேலேயே படுத்துச் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. "நெசமாப் பாத்தத எழுதுடா. மின்னலயா நீ லவ் பண்ற? சால்டரிங் அயர்னத்தான லவ் பண்ற?" என்றாய். கோபத்தில் வீட்டுக்குப் போய் எழுதினேன்: "சுட்ட விரலை யாரும் பாக்குமுன்னே சட்டப்பையில் ஒளிச்சுக்கிட்டேன்." அதை நீ இரண்டு தடவை படித்தாய். பாட்டில் சேர்த்துக்கொண்டாய். என் வாழ்க்கையில் நான் எழுதி உருப்பட்ட வரி அது ஒன்றுதான்.

உன் முதல் பாட்டு உங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றியது. கீழக்குயில்குடிக்கு அப்போது வந்துபோன பஸ்ஸை நம்பி யாரும் கல்யாணத்துக்குக்கூட நாள் குறிக்க முடியாது என்பாய். "காலையில ஒருக்கா வரும் சாயந்தரம் ஒருக்கா வரும் நடுவுல நாங்க நடந்துதான் வருவோம்." இந்த முழு வரியையும் நீ ஒரே மூச்சில் பாடுவாய். டேவிட்டின் ஹார்மோனியத் துருத்தி காற்றிழுக்கும், நீ இழுக்க மாட்டாய். அதை அப்போது நான் கவனித்திருக்கிறேன். அதனால்தான் பின்னால் கவனிக்காமல் போனதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

மூன்றாம் வருஷம் உன் வரிகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. "ஆறு இருக்கு. தண்ணி இல்ல. பாலம் இருக்கு. வேல இல்ல." வேலைக்கு மனுப்போட்டுவிட்டு வைகைப் பாலத்தில் நின்றவர்களைப் பற்றிய பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறுத்தம். எனக்கு எரிச்சல். "ரெண்டு வார்த்தைதானா ஒரு வரி? சோம்பேறி ஆயிட்டடா நீ" என்றேன். "சின்ன வரிதான் மாப்ள மனசுல நிக்கும்" என்றாய். டேவிட் அதைப் புது பாணி என்று மெச்சினான். ஏதோ இலக்கியம் என்று நானும் விட்டுவிட்டேன். பசுமலை ஏற்றத்தில் நீ சைக்கிளை விட்டு இறங்கி உருட்டத் தொடங்கியதும் அப்போதுதான். "கிழவன் மாதிரி உருட்டாதடா" என்று கத்திக்கொண்டே நான் உன்னைத் தாண்டிப் போவேன். மேலே போய்க் காத்திருப்பேன். நீ வந்து சேர்ந்ததும் உடனே பேச மாட்டாய். கோபம் என்று நினைத்துக்கொள்வேன்.

டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளி விழாவுக்கு நம்மைக் கூப்பிட்டார்கள். நாம் வெளியூரில் பாடிய முதல் மேடை, கடைசி மேடையும் அதுதான். நீ பாடத் தொடங்கியதும் ஸ்பீக்கரில் புஸ் புஸ் என்று ஒரு சத்தம். வயரைப் பார்த்தேன், சால்டர் வைத்த மூட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் சரி. பிறகு புரிந்தது, அது உன் மூச்சு. முதல் பாட்டு முடிந்ததும் மேடைக்கு ஓடிவந்து, "உன் பாட்ட விட உன் மூச்சுதான் பெருசாக் கேக்குது, மைக்கத் தள்ளிப் பிடி" என்றேன். தள்ளிப் பிடித்தால் குரல் எட்டவில்லை. என் கைக்குட்டையை எடுத்து இரண்டு மடிப்பாக மைக்கில் சுற்றிக் கட்டினேன். மூச்சுச் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் முழுக்க அந்தப் பெருமையைத்தான் பேசினேன். நீ ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நல்லா கட்டுன மாப்ள" என்றாய்.

கல்லூரி விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. இந்த வருஷம் மேடையில் நம் பாட்டு, நம் கல்லூரியில், உன் குரலில். அதற்காக நீ ஒரு வருஷம் காத்திருந்தாய். மைக்கில் பாடிப் பழக வேண்டும் என்று கேட்டாய். உங்கள் வீட்டுக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. வோல்டேஜ் ஏறி இறங்கும், வால்வு போய்விடும் என்று நூறு எச்சரிக்கை சொல்லித்தான் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு வாரம் நீ வரவில்லை. பாண்டிதான் சேதி கொண்டுவந்தான். வழியில் உங்கம்மாவைப் பார்த்தானாம். "வாலுவு கெட்டுப்போச்சாம்னு சொல்லுச்சு. அதான் அவன் பாட்டுக்கு வர முடியாதாம்."

எனக்கு வந்த ஆத்திரம் சாதாரணமானதில்லை. சொன்னேன், கேட்டானா என்று பாண்டியைத்தான் திட்டினேன். நாலு கடை ஏறி இறங்கி, டவுன்ஹால் ரோட்டில் அதே நம்பர் வால்வு ஒன்றைத் தேடிப் பிடித்து, பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாண்டியையும் கூட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

உங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டேன். "எம்புட்டு தடவ சொன்னேன்? ஏறி இறங்குற கரண்டுல போடாத, போடாதன்னு. உனக்குப் பாட்டு மட்டும்தான்டா தெரியும்." ஆம்ப்ளிஃபயர் சுவர் ஓரம் பலகைமேல் இருந்தது. மேலே ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தாய். நேரே போய்த் துண்டை எடுத்துச் சுவிட்சைப் போட்டேன். நாலு வால்வும் ஒழுங்காகச் சிவந்தன. ஒன்றும் புரியாமல் திரும்பினேன். நீ கட்டிலில் மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாய். கால் வீங்கியிருந்தது. உங்கம்மா கதவோரம் நின்று, நான் கத்தியதைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள்.

"மாப்ள, அது இல்லடா" என்று சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். "இது."

நான் சட்டைப்பையில் கை வைத்தபடியே நின்றேன். நீ அந்தக் கையைப் பார்த்தாய். பஞ்சு வெளியே தெரிந்திருக்க வேண்டும். சிரிக்க ஆரம்பித்தாய், சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு சொன்னாய்: "வாங்கியே வந்துட்டியா? குடு, சைசு சேருதான்னு பாப்பம்."

பாண்டி வெளியே போய்விட்டான்.

சின்ன வயதில் உனக்கு முட்டி முட்டியாக வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். அது அப்போதே இருதய வால்வில் உட்கார்ந்துவிட்டதாம். பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் போட்டு விளக்கினாராம். மெட்ராசில் ஆபரேஷன் செய்யலாம், எழுதிப் போட்டிருக்கிறது, வரிசைப்படி கடிதம் வரும், அதுவரைக்கும் படி ஏறக்கூடாது, சத்தம் போடக்கூடாது, பாடவே கூடாது. இதையெல்லாம் நீ அடுத்தவன் கதை மாதிரி சொன்னாய். நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். எந்தப் பக்கம் ஒழுகுகிறது? அடைப்பா, ஒழுக்கா? எம்புட்டு நாள் தாங்கும்? எனக்குக் கோளாறு என்றால் கோளாறு இருக்கும் இடம் தெரிய வேண்டும். தெரிந்தால் கழற்றிவிடலாம். "நீ கழட்ட முடியாதுடா" என்றாய், மெதுவாக, ஏதோ எனக்குத்தான் உடம்பு சரியில்லாதது போல.

கல்லூரி விழாவில் உன் பாட்டை டேவிட் பாடினான். நீதான் பாடச் சொன்னாய். "ஆறு இருக்கு" பாட்டு, பல்லவியும் இரண்டு சரணமும். மூன்றாம் சரணம் நீ இன்னும் எழுதவில்லை. டேவிட்டுக்கு நல்ல குரல், நிறைய மூச்சு. அவன் அந்தச் சின்ன வரிகளை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டிப் பாடியபோதுதான், மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நிறுத்தங்கள் ஏன் வந்தன என்று உறைத்தது. பையன்கள் விசிலடித்தார்கள். நான் தலையைக் குனிந்து வால்யூம் திருகைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். கைதட்டல் எவ்வளவு நேரம், யார் எழுந்து நின்றார்கள். மூன்றாம் சரணத்துக்கு மெட்டு வந்துவிட்டது, வார்த்தைதான் வரவில்லை என்றாய். வார்த்தை வராதபோது தானனா போட்டு மெட்டை நிற்கவைத்துக்கொள்வது உன் வழக்கம். "கேட்டுக்க. நீ எழுதிரு." எனக்கு வராது என்றேன். டேவிட் எழுதட்டும் என்றேன். "அவன் அழகா எழுதிருவான். நீ எழுது" என்றாய். பாடக்கூடாது என்று உங்கம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். பாடல ஆத்தா, சொல்றேன் என்றாய். நாலு வரி, குரலே எழுப்பாமல், தானனா தானனா என்று சொன்னாய். மூன்றாவது வரியில் பாதியில் நிறுத்தினாய். பிறகு முடித்தாய். ஒருதரம்தான். இன்னொருதரம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் காலை வொர்க் ஷாப்பில் லேத் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பாண்டி வந்து மோட்டாரை நிறுத்தினான். "போயிட்டான்டா" என்றான். மெட்ராஸ் கடிதம் அதற்குப் பிறகு வந்ததா இல்லையா என்று நான் விசாரிக்கவே இல்லை. தெரிந்து என்ன செய்ய?

இப்போது நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம். பார்க்கும்போதெல்லாம் டேவிட் கேட்கிறான், எழுதிவிட்டாயா என்று. எழுதாமல் இல்லை. எத்தனையோ தடவை எழுதினேன். முதல் வரி வருகிறது, இரண்டாவது வருகிறது. மூன்றாவதில் நீ நிறுத்தின இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். அந்த நிறுத்தம் மெட்டில் இருந்ததா, உனக்கு மூச்சு வாங்கியதா? மெட்டென்றால் வார்த்தை அங்கே முடிய வேண்டும். மூச்சென்றால் வார்த்தை அதைத் தாண்டி ஓட வேண்டும். பாண்டி மெட்டு என்கிறான். டேவிட் மூச்சு என்கிறான். அவர்கள் இரண்டு பேரும் அங்கே இல்லை. அங்கே இருந்தவன் நான், கேட்டவன் நான், எனக்குத் தெரியவில்லை. எதையும் அளந்து சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். இதை அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தானனாவாகத்தான் வைத்திருக்கிறேன். வேலை பார்க்கும்போது, சைக்கிளில் போகும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுக்கிறேன். மூன்றாவது வரியில் அந்த இடம் வந்ததும் நிறுத்துகிறேன். எனக்கு மூச்சு நிறைய இருக்கிறது. இருந்தும் நிறுத்துகிறேன்.