நண்டுக்காரி

இராயபுரம்,
மே 1954

பிலோமியின் அப்பா அவர்களுக்கு, செல்லம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பினாங்குத் துறைமுகத்தில் வேலை எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, உங்கள் மகளோடு என்னால் மல்லுக்கட்ட முடியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண், விடிந்ததும் கரையில் போய் வலைக்காரர்களோடு நிற்கிறாள். அவர்கள் வேண்டாமென்று உதறும் நண்டையெல்லாம் பொறுக்கி வருகிறாள். குழம்புக்கு என்றால் சந்தோஷப்படுவேன். இவள் அண்டாவில் கடல் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாள்! அது ஓடு கழற்றுகிறதாம். உட்கார்ந்து பார்த்துப் படம் போடுகிறாள். சோறு ஆறுவது தெரியாது. குளிக்க எனக்கு அண்டா கிடையாது. தெருவில் அவள் பெயர் நண்டுக்காரி. எதிர்வீட்டுப் பூவம்மா குழாயடியில் அத்தனை பேர் முன்னால், "இன்னா செல்லம்மா, உம் பொண்ணுக்குப் பேய் புடிச்சிகீதா?" என்று கேட்டாள்.

பெண் பார்க்க வந்த தண்டையார்ப்பேட்டைப் பிள்ளை வீட்டார் ஏன் எழுந்து போனார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பையனின் அம்மா ஆசையாக, "நண்டுக் கொழம்பு வைப்பியாம்மா?" என்றாள். இவள் தலையாட்டியிருந்தால் போதும். உள்ளே போய் உயிர் நண்டைப் பிடித்து வந்து, மல்லாத்திக் காட்டி, அடிவயிற்று மடல் அகலமாக இருந்தால் பெட்டை, முட்டையோடு இருந்தால் பிடிக்கக் கூடாது என்று பாடம் நடத்தினாள். பையனின் அக்கா நாற்காலிமேல் ஏறிவிட்டாள். காப்பியைக்கூட யாரும் தொடவில்லை.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் இவள் படங்களைக் காட்டப்போக, பெண்கள் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் நம் வாசலில் காரில் வந்து இறங்கினார். புடவையைச் செருகிக்கொண்டு அண்டா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசிய பேச்சில் நான் வைத்த முறுக்கை யாரும் பார்க்கவில்லை. ஒரு பைத்தியம் போதாதென்று இன்னொன்றா என்று நின்றேன். போகும்போது, இவளைக் காலேஜில் சேருங்கள், ஹாஸ்டலுக்கு நான் பொறுப்பு என்றார்.

கார் வந்துபோனதிலிருந்து தெருவே வேறாகிவிட்டது. அதே பூவம்மா, "எங்க பிலோமி" என்று ஊரெல்லாம் சொல்கிறாள். தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் ஆள் வந்தது. மழைக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிடலாமாம். பேராசிரியை தேடி வந்த பெண் என்றால் பெருமையாம். ஆனால் காலேஜும் கூடாது, நண்டும் கூடாதாம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பிலோமி சிரிக்கிறாள். "நண்டு அதே நண்டுதாம்மா, காருதான் புச்சு" என்கிறாள்.

நல்ல இடம், பையனுக்கு ரயில்வேயில் வேலை, விடாதே என்றுதான் எழுதுவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். ஆனால் தண்டையார்ப்பேட்டை ஆள் காலேஜும் நண்டும் கூடாது என்றதும் முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். கோபத்தை என்மேல் காட்டுங்கள். அவளைத் திட்டி எழுத வேண்டாம்.

காலேஜில் சேர்க்க உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். அதோடு அவளுக்கென்று தனியாக நாலு வரி எழுதுங்கள். புத்திமதி வேண்டாம். அந்த ஊர்க் கரையில் என்ன நண்டு இருக்கிறது, என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள். முழங்கால் வலித்தாலும் ஒரு தரம் குனிந்து பாருங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும்.

உங்கள்,
செல்லம்மா