கைவாகு பார்த்துத் தேய்த்த பேனா

1934 மார்ச் 3, சனி

விடியற்காலை முதல் மழை. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. மகன் நடராஜனோடு கூலாயில் ரயில் ஏறி ஜொகூர் பாரு. வாங்க வேண்டியவை: குடை, வீட்டில் செல்லம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், அவனுக்குக் காலுறை, பேனா.

பேனாதான் முக்கியம். பையன் சர்க்கார் ஆபீஸில் கிளார்க்கு, ஏப்ரலில் வேலையில் சேர வேண்டும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மகன்தானே என்று யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. தங்க நிப்பு போட்ட பவுண்டன் பேனா, அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

ராவுத்தர் கடை. கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட்டு. என் செருப்புச் சேற்றைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று நினைத்துக் கோபத்தைத் தயாராக வைத்திருந்தேன். மனிதர் நாற்காலி இழுத்துப் போட்டார். சர்பத் வந்தது. மூன்று பேனா எடுத்து, மூன்றிலும் மை ஏற்றி, துடைத்து நீட்டினார்.

"எழுதிப் பாருங்க தம்பி. இந்தச் சீட்டச் சிங்கப்பூருக்கு அனுப்புவோம். கைவாகு பாத்து நிப்பத் தேச்சுக் குடுப்பாங்க."

ந. எழுதினான். கோழி கிண்டின மாதிரி எழுத்து. ராவுத்தர் சீட்டைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார்.

"தம்பிக்கு எழுதுற கை இதுதானா?"

நான்தான் பதில் சொன்னேன். "சோத்துக் கைதான். வேற எந்தக் கையில எழுதுவாங்க?"

ஐந்து வயதில் சிலேட்டுக்கு இடது கையை நீட்டினான். துணியால் கட்டிப்போட்டுத் திருத்தினேன். அதைக் கடையில் வைத்துக் கிளற வேண்டுமா? ந. குனிந்த தலை நிமிரவில்லை. சில வாரத்தில் தபாலில் வரும் என்றார்.

மார்ச் 10, சனி

நல்ல வெயில். ந. தனியாக ஜொ.பா. போய் வந்தான், குடியிருக்க அறை பார்க்க. கிடைத்ததாம். வந்ததிலிருந்து தானாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா." விரலெல்லாம் மை. போய்க் கழுவு என்றேன்.

மார்ச் 16, வெள்ளி

ந.வுக்குக் குளிர் காய்ச்சல். கொயினா கொடுத்தாயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நாளை வருவார். புதுக் குடை ஒழுகுகிறது.

மார்ச் 19, திங்கள்

காய்ச்சல் இறங்கவில்லை. கூலாய் டாக்டருக்கு ஆள் போயிருக்கிறது. செல்லம்மா எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், அவன் கட்டிலை விட்டு.

மார்ச் 20

போய்விட்டான். காலை பத்து மணிக்கு.

ஏப்ரல் 4, புதன்

பேனா தபாலில் வந்தது. ராவுத்தருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பெட்டியை மூடி வைத்தேன். பிறகு திறந்தேன். மை ஏற்றி அவன் பெயரை எழுதினேன். கீறுகிறது. மறுபடி எழுதினேன். மை தெறித்துத் தாள் கிழிந்தது. சர்பத் என்ன, நாற்காலி என்ன, கடைசியில் தலையில் கட்டியது இதை! என் பிள்ளைக்கு வாங்கியதில்தானா ஏமாற்ற வேண்டும்? சனிக்கிழமை நேரில் போய் ஒரு பிடி பிடிக்கிறேன்.

பதினைந்து நாளில் இன்றுதான் சோறு இறங்கியது. கோபம் இருந்தால் அழுகை வருவதில்லை.

ஏப்ரல் 7, சனி

மழை. ரயிலில் எதிரே இருவர்: "நாளைக்கு விட்டுரும்லா." "எங்க விடுது."

கடைக்குள் நுழைந்ததுமே கத்தினேன். நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ராவுத்தர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பேனாவை வாங்கி நிப்பை வெளிச்சத்தில் பார்த்தார்.

"பழுது ஒண்ணுமில்ல கிராணியாரே. தம்பிய வரச் சொல்லுங்க. அவர் எழுதுனா வழுக்கிக்கிட்டுப் போகும்."

 அவன் போய்விட்டதைச் சொன்னேன். "யா அல்லா" என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து, சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்திருந்த இரண்டு சீட்டு எடுத்தார்.

"தம்பி மறுவாரம் தனியா வந்தாரு. அப்பாவுக்குத் தெரிய வேணாம், இடது கைக்கே தேச்சுக் குடுங்கன்னு கேட்டாரு. ஆபீஸ்ல மட்டும் இதால எழுதிக்கிறேன்னாரு. நானும் சரின்னுட்டேன். தப்புன்னா மன்னிச்சிருங்க."

ஒரு சீட்டில் அந்தக் கோழிக் கிண்டல். மற்றது முத்து முத்தாக. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழ்: நடராஜன், கிளார்க்கு. அதற்கும் கீழே: அப்பா வாங்கித் தந்த பேனா.

இது என் மகன் எழுத்து. நான் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் இருந்தும் பார்த்ததில்லை. பாவி நான்.

"உங்க கைக்கு மாத்தித் தேச்சுத் தரச் சொல்லவா?" என்றார். வேண்டாம் என்றேன். அந்தச் சீட்டை மட்டும் கேட்டேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்து ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தார். குடையைக் கடையிலேயே மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. காலையில் பேனாவை இடது கையில் பிடித்து எழுதிப் பார்த்தேன். கீறவில்லை. எழுத்துதான் கோணல் மாணல்.

செல்லம்மா வந்து நின்றாள். சீட்டைக் காட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆச்சரியப்படவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எப்பவும் அந்தக் கையிலதான் எழுதுவான். வாசல்ல உங்க செருப்புச் சத்தம் கேட்டா மாத்திக்குவான்."