அம்மாவின் பேச்சை வெட்டிய மேற்கோள் குறி

என் வாய்க்காரி அம்மாவுக்கு,

நீ கண்மூடிய பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கோபத்தில் எழுதுகிறேன். உன்மேல் இல்லை.

நேற்று மீன் ஏலக்கூடத்தில் கமலா அத்தை அத்தனை பேர் முன்னாலும் கேட்டது: "இன்னாடி, உங்கம்மா கம்பெனிக்காரன்கிட்ட துட்டு வாங்கினாளா? இங்க பாரு, இன்னா சொல்லிக்கீறா!"

அத்தையின் போனில் உன் படம். முகத்துவாரக்குப்பம், மீன் வியாபாரம் என்று உன் பெயரோடு. கீழே நீ சொன்னதாக இரண்டே வரி: ஆறு நல்லாதான் இருக்கு. மீனும் நல்லாதான் இருக்கு.

கம்பெனி ஆற்றில் விடும் சாம்பல் கழிவு பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நீ பேசினாயே, அது. கூட்டம் நடத்தியவர்கள் எல்லோர் பேச்சையும் எழுத்தாக்கி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நீ எந்தச் சண்டையைச் சொன்னாலும் 'அவர் சொன்னார்' என்று ஆரம்பிக்கமாட்டாய். நேராக அந்த ஆளாகவே மாறிவிடுவாய். அன்றும் மூக்கை உயர்த்தி, அந்த இரண்டு வரியை ஆபீசராகத்தான் சொல்லி ஆரம்பித்தாய். கூட்டமே சிரித்தது. அடுத்துத்தான் உன் குரல் வந்தது: "இந்தா சார் கூடை. இந்த இறாலை உன் வூட்டுக்கு எடுத்துனு போ. உன் புள்ளைக்கு ஆக்கிப் போடு. அப்பால வந்து சொல்லு."

உன் குரல் தொடங்கும் அந்த இடத்தில்தான் உன்னை வெட்டியிருக்கிறார்கள். இணையப் பக்கம் எழுதும் கணினி மொழியில் உன் பேச்சு முழுவதையும் இரண்டு மேற்கோள் குறிகளுக்குள் அடைக்க வேண்டும். பேச்சுக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதற்கு மாற்றுக் குறியீடு போட வேண்டும். போடாவிட்டால் முதல் குறியிலேயே பேச்சு முடிந்ததென்று கணினி மூடிவிடும். ஆபீசரின் பொய்க்கு அவர்கள் குறி போடவில்லை, அது தங்கிவிட்டது. உன் பதிலுக்குக் குறி இருந்தது, அது போய்விட்டது. அந்தப் பொய் உன் பெயரில் நிற்கிறது.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குப் போன் செய்தேன்.

"சின்ன மிஸ்டேக்தான் மேடம். குறியெல்லாம் தூக்கிட்டேன். இப்ப முழுசா வருது, பாருங்க."

வந்தது. ஆபீசரும் நீயும் ஒரே வாயில் பேசினீர்கள். ஆறு நல்லாயிருக்கு என்றும் நீயே, கூடையை எடுத்துப் போ என்றும் நீயே.

"தூக்காதீங்க. மாற்றுக் குறியீடு போடுங்க. ஆபீசர் பேச்சுக்கும் குறி போடுங்க."

"ஒரு குறிக்கா இவ்ளோ டென்ஷன்?"

நான் கத்தினேன் அம்மா. பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். உன்னைத் துட்டு வாங்கினவள் என்று ஊர் சொல்கிறது, இவனுக்கு அது ஒரு குறி. இப்போது சரிசெய்துவிட்டான். 'பிழை எங்களுடையது' என்று ஒரு வரி போடச் சொன்னேன். அதற்கு மட்டும் மேலே கேட்க வேண்டுமாம். உன்மேல் பழி போட யாரைக் கேட்டார்கள்?

வெட்டுப்பட்ட பேச்சோடு அந்தப் பழைய படம் இன்னும் ஒவ்வொரு போனாகப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கம்பெனிக்காரர்கள் அதைத்தான் காட்டுவார்கள். காட்டட்டும். மைக் பக்கமே நான் போனதில்லை, உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து நிற்பேன். ஆபீசர் சொன்னதை ஆபீசர் குரலில் சொல்லி, நிறுத்தி, நீ சொன்னதை உன் குரலில் கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடிப்பேன். கமலா அத்தையை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு.

இத்தனை வருஷம் உன் வீட்டில் வாய் திறக்காமலிருந்த,
உன் மூத்த மகள்