இஞ்சின் வேறு, ரேடியோ வேறு

மேலநத்தம்
செப்டம்பர் 11, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

எழில் எழுதுவது. வீட்டில் மனிதர்கள் நலம். லேப்டாப் நலமில்லை. நீ இளைத்துவிட்டாய் என்று மீரா சாகிப் அண்ணன் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை தோஹா திரும்புகிறார். இந்தக் கடிதமும் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் அவர் கையில் வரும்.

போன் செய்யலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் "மொதல்ல செட்டிங்ஸத் தொற" என்று ஆரம்பிக்கிறாய். காகிதத்தை இடைமறிக்க முடியாது.

சரி. செட்டிங்ஸைத் திறந்தேன். நீ அனுப்பிய பதினொரு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை. இஞ்சின் சத்தம் ஸ்பீக்கரில். ரேடியோ ஹெட்செட்டில். நீ சொன்ன மாதிரியேதான். விமானம் ஓட்டிப் பழகும் இந்தச் சிமுலேட்டர் ஒரு நாள் சொன்னதைக் கேட்கிறது, மறுநாள் மறந்துவிடுகிறது. கரண்ட் ஒருமுறை போய் வந்தால் போதும், லேப்டாப் தன் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் இடம் மாற்றி வைக்கிறது. இங்கே கரண்ட் எத்தனை முறை போகும் என்று உனக்குத் தெரியும்.

போன வாரம் நடந்ததை அப்பா உன்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சவுண்ட் சர்வீஸ் தங்கையன் மாமாவைக் கூப்பிட்டு வரச் சொன்னது நீ. வந்தார். லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தார். "இது என்னம்மா பெரிய வித்தை. கல்யாணத்துல நாயனம் ஒரு லைன், மைக்கு ஒரு லைன். ரெண்டையும் ஒண்ணா வுட்டா மாப்ள பேரு யாருக்கும் கேக்காது" என்றார். நீ பதினொரு மெசேஜில் சொன்னதை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். சின்ன ஸ்பீக்கரில் இஞ்சின் எடுபடாது என்று தன் ஆம்பிளிபயரை மாட்டினார். ஆடித் திருவிழாவுக்குக் கட்டிய ஹாரன் இன்னும் நம் வீட்டு வாசல் கம்பத்தில்தான் இருக்கிறது. அதன் வயர் ஆம்பிளிபயரிலேயே தொங்கியது. கழற்ற மறந்துவிட்டார்.

முதல் பத்து நிமிடம் தெரு முழுக்க இஞ்சின் சத்தம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குறுவை அறுப்புக் காலம், ஏதோ மிஷின் ஓடுகிறது என்று விட்டுவிட்டார்கள். அப்பா மட்டும் உள்ளே வந்து, "மிஷினு நல்லா எடுக்குது, யாரு வண்டி?" என்று கேட்டார்.

பிறகு கரண்ட் போனது. வந்தது. இஞ்சின் ஹெட்செட்டுக்குப் போய்விட்டது. கன்ட்ரோல் டவரின் குரல் ஹாரனுக்குப் போய்விட்டது.

இணையத்தில் எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு டவராக இருக்கிற அந்த ஆள் எனக்கு எண் சொல்கிறார். செவன், டூ. செவன், டூ. நான் பதில் சொல்லவில்லை, காதில் இஞ்சின் அலறியதில் எனக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்தப் பக்கம் கொள்முதல் நிலையத்தில் மூன்று நாளாக நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு டோக்கன் நம்பருக்குக் காத்திருக்கும் கூட்டம். சாவித்திரி அத்தையின் டோக்கன் எழுபத்திரண்டு. குவியலை மூடியிருந்த தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு எடைமேடைக்கு ஓடியிருக்கிறார். அங்கே முப்பத்தெட்டுதான் ஓடுகிறது. திரும்பி வருவதற்குள் தூறல்.

வாசலில் நின்று கேட்டார்: "ஏன்டி, ஏரோப்ளேன் ஓட்டுறவ வானத்துல ஓட்டேன். என் நெல்லு மேலயா ஓட்டுவ?"

நானும் அம்மாவும் போய் நெல்லைக் கிளறிக் காயவைத்துக் கொடுத்தோம். இரண்டு நாள். மீரா சாகிப் அண்ணனிடம் நீ கொடுத்தனுப்பிய புது ஹெட்செட்டை அதனால்தான் உடனே பிரிக்கவில்லை.

நேற்று பிரித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

இதுவும் பழுது. அதே பழுது. நீ சொன்னபடி வலது பக்கத்தை மட்டும் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். வலது காதுக்கு ஸ்பீக்கரில் ஓடும் இஞ்சின். இடது காதுக்கு ரேடியோ. இடதில் ஒன்றுமில்லை. தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போல ஒரு சத்தம். பழைய ஹெட்செட்டிலும் இதேதான். ஒரே கம்பெனியில் இரண்டு முறை வாங்கி இரண்டு முறை ஏமாந்திருக்கிறாய். வாங்கும்போது காதில் வைத்துப் பார்க்கக்கூடாதா? எலக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொள்கிறாய்.

அடுத்த மாதம் ஆறாம் தேதி சென்னையில் எனக்கு மருத்துவப் பரிசோதனை. அது முடிந்த மறுநாளே விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். "வீட்டுக்குப் போய் ரேடியோவைக் கேட்டுப் பழகிட்டு வா. இன்னொரு தடவை டவர் கூப்பிட்டு நீ பதில் சொல்லலைன்னா, இனி இங்க வராதே" என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பினார். ஜூலையில் மட்டும் மூன்று முறை தவறவிட்டேன். அதை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே மூன்றாவதாக ஒரு ஹெட்செட். நல்லதாக. சோதித்து.

*

வெள்ளி, மாலை

நேற்று இங்கே நிறுத்தினேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

இன்று காலை ஹெட்செட்டை மேஜையில் வீசினேன். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, "என்னதான்டி அதுல?" என்று எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். தலைகீழாக. நான்தான் திருப்பி மாட்டிவிட்டேன். வலது பக்கத்தைத் தள்ளி வைத்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் கேக்கலைன்னு சொல்லு" என்றேன்.

அம்மா இடது பக்கத்தைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "நல்லாத்தான்டி கேக்குது. யாரோ ஒருத்தன் இங்கிலீசுல பேசுறான். ஒன் ஒன் எய்ட். இப்ப ஜீரோங்குறான். பாவம், கூப்புட்டுக்கிட்டே இருக்கான், பதில் சொல்லேன்" என்றாள்.

அவள் நான்காவது வரை படித்தவள். இங்கிலீஷில் அவளுக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். டவரின் அலைவரிசை அதுதான், எண்கள் எல்லாம் சரி.

ஹெட்செட்டை வாங்கி மாட்டினேன். இஞ்சினை நிறுத்தினேன். முழுதாக. மின்விசிறியையும் நிறுத்தினேன். இடது பக்கம்: அதே புடைக்கும் சத்தம். பக்கம் மாற்றி மாட்டினேன். பழுது என்று நான் சொன்ன பக்கம் வலது காதில் தெளிவாகப் பேசியது. பழைய ஹெட்செட்டையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் பேசியது.

ஜூனில் விடுதியில் காய்ச்சலோடு படுத்திருந்தேன் அல்லவா. தலை சுற்றி, இரண்டு நாள் காதுக்குள் இரைச்சல். காய்ச்சல் போயிற்று. இரைச்சலும் போயிற்று என்று நினைத்தேன். அதோடு வேறு என்ன போயிற்று என்று பார்க்கவில்லை. போனை எப்போதிலிருந்து வலது காதில் வைக்கிறேன்? தெரியவில்லை. உன் மெசேஜ்களை மூன்று முறை கேட்டதற்கு உன்னைத்தான் திட்டினேன், வாய்க்குள் பேசுகிறாய் என்று.

அம்மா முறத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். காபி கொடுக்க என் வலது பக்கமாகச் சுற்றி வந்தாள். அந்தப் பக்கம் சுவர். இடமே இல்லை. அப்படியும் நுழைந்து வந்தாள்.

கூடப் படித்த ஒருத்தி சொல்கிறாள், கொஞ்சம் ஊகித்தால் பரிசோதனையைக் கடந்துவிடலாமாம். முடியும் என்றே நினைக்கிறேன். மூன்று மாதமாக ஊகித்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் பின்னால் ஒரு நாள் என் விமானத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நான் ஊகிக்கிறேன் என்று தெரியாது. மாட்டேன்.

இருபதாம் தேதி, சனிக்கிழமை, தஞ்சாவூரில் காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இது திரும்பி வருமா, ஒரு காதை வைத்துக்கொண்டு விமானம் ஓட்ட விடுவார்களா, அவர் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொல்லவில்லை. பஞ்சாயத்துப் போர்டு பக்கத்தில் என் படம் போட்ட ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் அறுப்புக்குப் போகிறார். அம்மாவைக் கூட்டிப்போனால் டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் காதில் விழாது.

ஹெட்செட் அனுப்பாதே. நல்ல ஹெட்செட்தான், திட்டியதற்கு மன்னித்துவிடு. கேபிள், பெட்டி, வாய்ஸ் மெசேஜ் எதுவும் வேண்டாம். உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். கேட்டுப் பார். பத்தொன்பதாம் தேதி ராத்திரிக்குள் வந்துவிடு. டாக்டர் அறையில் என் இடது பக்கம் உட்கார்ந்துகொள். அந்தப் பக்கம் சொல்லப்படுவதை எல்லாம் நீ கேட்டுக்கொள். கெட்டதாக இருந்தால் வெளியே வந்ததும் சொல்ல வேண்டாம். பஸ் ஏறி, ஊர் தாண்டி, மெதுவாகச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
எழில்மொழி